நண்டுத் தீவில் ஒரு ஆஸ்பத்திரி

மலேசியாவில் கேமரன் மலைக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் தேயிலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிர் எப்படி, ஸ்ட்ராபெர்ரி பறித்தாயா, அங்கே உள்ள நம் ஆட்கள் எப்படித் தமிழ் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்த மலையில் இருந்த நாட்களில் நான் அதிகம் பேசியதும் கேட்டதும் அபுதாபியைப் பற்றி. அதுவும் இப்போது இருக்கிற அபுதாபி இல்லை.

என்னைத் தென்காசியிலிருந்து கிளப்பியது பர்வீன் அனுப்பிய ஒரு குரல் செய்தி. பர்வீன் என் நண்பன் சிராஜின் ஒரே மகள். சிராஜும் நானும் எண்பதுகளில் அபுதாபியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். கிடந்தவர்கள் என்பதுதான் சரி, படுக்க முழுதாக இடம் கிடையாது. நான் ஏ.சி. மெக்கானிக், அவன் ஜூஸ் கடையில் ஆள். பிறகு அவனுக்கு மலேசியாவில் சம்பந்தம் அமைந்தது. மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லை, கேமரன் மலைமேல் தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை இருந்தது. பாலைவனத்திலிருந்து நேராக மலைக்கு ஏறிவிட்டான். நான் தலைமுடி கொட்டுகிற வரை அபுதாபியிலேயே இருந்துவிட்டுச் சில வருஷம் முன்னால்தான் ஊர் திரும்பினேன்.

பர்வீன் சொன்னது இதுதான்: "மாமா, எனக்கு அபுதாபில வேல கெடைச்சிருக்கு. பிசியோதெரபி. பெரிய ஆஸ்பத்திரி. ஆனா அத்தா விடமாட்டேங்கறாங்க. போலி கம்பெனி, ஏமாத்துறான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்க வந்து சொன்னா கேப்பாங்க லா. திங்கக்கிழமைக்குள்ள நான் பதில் போடணும்."

பேச்சுக்கு வால் மாதிரி வருகிற அந்த 'லா' மலேசியப் பழக்கம். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். "ஆகாது மாமா. பிடிக்காத பேச்சு வந்தா அத்தாவுக்கு உடனே சிக்னல் போயிரும்" என்றாள். சிராஜின் சிக்னல் எப்படிப் போகும் என்று எனக்கும் தெரியும். பெட்டியைக் கட்டினேன்.

மலையேறும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு சீன அம்மாள். வளைவுகள் ஆரம்பித்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து, பைக்குள் கைவிட்டு உப்பில் உலர்த்திய ஒரு பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கூடவே மலாயில் ஏதோ சொன்னார். எவ்வளவு அன்பான மனுஷி என்று உருகிப்போனேன். பின்னால் இருந்த தமிழ்ப் பையன் முன்னால் குனிந்து மொழிபெயர்த்தான்: "வாந்தி வர்ற மாதிரி இருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் எடம் மாறிக்கிறேன்னு சொல்றாங்க அண்ணே." பழம் நன்றாக வேலை செய்தது. அந்த அம்மாளும் இடம் மாறவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சிராஜ் நின்றுகொண்டிருந்தான். கம்பளிச் சட்டை, காதை மூடிய குல்லாய், கையில் குடை. ஜூலை மாசத்து அபுதாபியில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்த ஆளா இவன் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்காத மாப்ள, ரெண்டு நாள் போனா நீயும் ஒண்ணு வாங்கித் தான்னு கேப்ப" என்று கட்டிக்கொண்டான். அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன்.

கடையில் உட்காரவைத்து ரொட்டி சானாய் போட்டான். நம் பரோட்டாவின் இளைத்த தம்பி அது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, தொட்டுக்கொள்ள சாம்பாருக்கும் பருப்புக்கும் நடுவில் ஒரு குழம்பு. சால்னா இல்லாமல் என்ன பரோட்டா என்று மனசுக்குள் முணங்கிக்கொண்டே நாலு ரொட்டியை உள்ளே தள்ளினேன். சிராஜின் மனைவி ஜமீலா மலேசியாவிலேயே பிறந்தவர். "காரம் பத்துதா அண்ணே? ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு இங்க எதுவுமே பத்தாது லா" என்று மிளகாய்ச் சம்பல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். அந்தச் சம்பல் எனக்குப் பத்தியது. கண்ணில் நீர் வந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருவதற்குள் சிராஜ் மேசையைத் துடைத்து அபுதாபியைக் கட்டிவைத்திருந்தான். வரிசையாக வைத்த கரண்டிகள் கடற்கரைச் சாலை. கவிழ்த்த கண்ணாடித் தம்ளர் எரிமலை நீரூற்று. சீனி டப்பா பழைய சூக், அந்த ஊர் சந்தை. கெச்சப் பாட்டிலும் மிளகுத் தூளும் நாங்கள் இருந்த கட்டடமும் அவன் ஜூஸ் கடையும்.

அந்த எரிமலை நீரூற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கடற்கரையில் படிப்படியாகக் கட்டிய ஒரு செயற்கை மலை. தண்ணீர் உச்சியிலிருந்து வழியும், ராத்திரியில் சிவப்பு விளக்குப் போட்டால் நெருப்புக் குழம்பு வழிகிற மாதிரி இருக்கும். அந்த ஊருக்குப் போன எந்தத் தமிழனும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் இருந்ததில்லை. எனக்குப் பெண் பேசியதே அந்தப் போட்டோவைக் காட்டித்தான். மாப்பிள்ளையைவிட எரிமலை நன்றாக இருக்கிறது என்று என் மாமியார் சொன்னாராம்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் சூக் பக்கம் போனா நம்ம ஜில்லாவே நிக்கும்" என்றான் சிராஜ். "வெள்ளையும் தங்கக் கலருமா டாக்ஸி வரும்" என்றேன் நான். "புதுசா வந்து எறங்குறவன் காயின் போன்ல கூப்புடுவான், எங்க நிக்கிறேன்னே தெரியல பாய்னு அழுவான். எதிர்ல என்ன தெரியுதுன்னு கேட்டு அங்கேர்ந்து ரூம் வரைக்கும் இழுத்துட்டு வந்துருவேன்." அது உண்மை. என்னையும் அப்படித்தான் இழுத்து வந்தான். நானும் இரண்டு தம்ளரை எடுத்துவைத்து எலெக்ட்ரா ரோட்டை நீட்டிப் பாஸ்போர்ட் ரோடு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். பக்கத்து மேசையில் தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு மலாய்க்காரர் தே தாரே என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை ஜமீலா தமிழில் சொன்னார்: "இவர் எங்களை அந்த ஊருக்கு எத்தனையோ தடவை கூட்டிட்டுப் போயிட்டார். டிக்கெட் ஒரு கிளாஸ் டீதான்."

அப்போதுதான் பர்வீன் வந்து போனை மேசையில், சரியாகக் கடல் இருந்த இடத்தில் வைத்தாள். ஆஸ்பத்திரியின் முகவரி அதில் இருந்தது. ரீம் தீவு.

"பாத்தியா மாப்ள? நீயே சொல்லு" என்று சிராஜ் போனைத் தள்ளினான். "ரீம் தீவுன்னா என்ன? அலையாத்திச் செடி, சேறு, நண்டு. பாலம்கூடக் கெடையாது. நான் போட்ல போய் நண்டு புடிச்ச எடம் அது. அங்க எவன் ஆஸ்பத்திரி கட்டுவான்? நண்டுக்குத்தான் காலு நெறைய இருக்கு, மூட்டு வலி வந்துருச்சா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பர்வீன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ரீம் தீவில் இன்றைக்குப் பாலமும் உண்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்களும் உண்டு. கடைசி வருஷங்களில் அங்கே ஏ.சி. மாட்டியவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பழைய ஊர் இடிபட்டதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தவன் நான். ரொம்ப நாள் கழித்து அதை முழுசாகப் பார்த்தது இந்த மேசைமேல்தான். கரண்டியைக் கலைக்க எப்படி மனசு வரும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிராஜ் தொழுகைக்குப் போன நேரத்தில் பர்வீன் என்னைத் தானா ராத்தா கடைத்தெருவைச் சுற்றிக்காட்டுகிறேன் என்று கிளப்பினாள். தலையணை, செருப்பு, குடை, சாவிக்கொத்து எல்லாம் ஸ்ட்ராபெர்ரி வடிவத்தில் தொங்கின. கொடைக்கானலில் யூக்கலிப்டஸ் தைலம் எப்படியோ அப்படி. ரசித்துக்கொண்டே நடந்தேன். மழை பிடித்ததும் ஒரு கடையோரம் ஒதுங்கினோம். அதற்காகவே காத்திருந்தவள்போல ஆரம்பித்தாள்.

"மாமா, உங்கள நான் எதுக்கு வரச்சொன்னேன்? நீங்களும் சேர்ந்து ரோடு போடுறீங்க!"

"சொல்றேம்மா. சமயம் பாத்து..."

"சமயம் எங்க இருக்கு? திங்கக்கிழம வந்துரும்." மழையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள். "சின்னப் புள்ளைல எனக்கு அத்தா கதையே சொன்னதில்ல மாமா. பாஸ்போர்ட் ரோட்டச் சொல்லித்தான் தூங்க வெப்பாங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் ராஜா ராணி, எனக்கு ஜூஸ் கடை. ஈப்போ டவுன்ல படிச்சேன், அங்கயே வேல பாத்தேன். பக்கவாதம் வந்தவங்கள மறுபடி நடக்கவைக்கிற வேலதான் எனக்குப் புடிச்ச வேல. அதுக்குன்னே தனி வார்டு வெச்சிருக்காங்க அங்க. அத்தா ஆசைப்பட்ட ஊர்லயே கெடைச்சிருக்கு. முதல்ல சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். "சத்தியமா?" என்றாள். ஸ்ட்ராபெர்ரி தலையணைகள் சாட்சியாகச் சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை தேயிலைத் தோட்டம் பார்க்கக் கிளம்பினோம். ஜீப் மாரியப்பனுடையது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், சிராஜ் கடைக்குக் காய்கறி ஏற்றி வருபவர். ஜீப்புக்கு அவரைவிட வயசு ஜாஸ்தி இருக்கும் என்று பட்டது. பிரிஞ்சாங் தாண்டிக் கியா பார்ம் வந்ததும் வண்டிகள் நின்றுவிட்டன. வார விடுமுறைக்குக் கோலாலம்பூரே மலையேறி வந்திருந்தது. ஒரு குடும்பம் காரை விட்டு இறங்கி, சோளம் வாங்கி, வேகவைத்து வாங்கித் தின்றுவிட்டுத் திரும்ப ஏறியது. கார் அதே இடத்தில்தான் இருந்தது.

"சனிக்கெழம வந்தா சுசாதான் அண்ணே" என்றார் மாரியப்பன். கஷ்டம் என்று அர்த்தமாம். திரிங்காப் பக்கத்து மலைச்சரிவுகளைக் காட்டினார். காடு இருக்கவேண்டிய இடமெல்லாம் பிளாஸ்டிக் கூரை. உள்ளே பூவும் கீரையும் வளர்கின்றன. "நான் ஸ்கூல் போறப்ப மத்தியானமும் சுவெட்டர் கழட்ட மாட்டோம். இப்பப் பாருங்க, கைலி பனியனோட நிக்கிறான்."

தோட்டத்து ரோட்டுக்குள் திரும்பினோம். மலை முழுக்க ஒரே பச்சை, சீராக வெட்டிவிட்ட பச்சை, வளைவுக்கு வளைவு வேறு பச்சை. மூணாறு பார்த்திருக்கிறேன், வால்பாறை பார்த்திருக்கிறேன். இருந்தும் வாயைப் பிளந்தேன். இதைத் தினம் பார்க்கிற மனுஷன் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு மணலைப் பற்றிப் பேசுகிறானே என்று சிராஜைத் திரும்பிப் பார்த்தேன். அவன் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

மேட்டின் பாதியில் ஜீப் ஒரு இருமல் இருமிப் புகை விட்டு நின்றது. தண்ணீர் கொதித்துவிட்டது. மாரியப்பன் கேனை எடுத்துக்கொண்டார்.

"நான் போய்த் தண்ணி புடிச்சிட்டு வந்துர்றேன் பாய். நேரம் ஆனா நீங்க பொடிநடையா வந்துருங்க. இப்படியே எறங்கி, பழைய ஸ்டோர் வரும் பாருங்க, அங்க சோத்துக்கைப் பக்கம் திரும்பி, கிராணி வீட்டத் தாண்டினா லைன் வீடு வந்துரும்."

தொழிலாளர் குடியிருப்புக்கு லைன் என்று பெயர். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். அதெல்லாம் எனக்குப் புரிந்தது. "பழைய ஸ்டோர் எப்படி இருக்கும், தகரக் கூரையா?" என்று கேட்டேன்.

"ஸ்டோர் இப்ப இல்ல அண்ணே. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இடிச்சிட்டாங்க."

"கிராணி வீடு?"

"அதுவும் இல்ல. ஆனா எல்லாருக்கும் தெரியும் லா" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார்.

சிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "இல்லாத ஸ்டோருக்கு வந்து இல்லாத வீட்டத் தாண்டணுமாம்! இந்தத் தோட்டத்து ஆளுங்களே இப்படித்தான் மாப்ள. மேனேஜர் இப்ப ஒரு மலாய்க்காரப் பொம்பள, அவங்களையும் துரைன்னுதான் சொல்லுவானுங்க. இப்படி வழி சொன்னா வெளியூர்க்காரன் எங்க போய்ச் சேருவான்?"

இதைவிட நல்ல சமயம் இனி வராது என்று எனக்குத் தெரிந்தது.

"நீ மட்டும் என்ன சொல்ற?" என்றேன். "நீ சொல்ற ஜூஸ் கடை அங்க இல்ல சிராஜ்."

சிரிப்பு அவன் முகத்தில் இருந்தபடியே நின்றது. "கைமாறிருச்சா?"

"கட்டடமே இல்ல."

ஜீப்பிலிருந்து இறங்கித் தேயிலைச் செடிகளின் ஓரமாக உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். ஊரில் விட்டுவந்த சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நலம் விசாரிப்பதுபோல விசாரித்தான்.

"சூக்?"

"தீப்புடிச்சிருச்சு. அந்த எடத்துல புதுசா எழுப்பிட்டாங்க, கண்ணாடியும் உசரமுமா."

"எரிமல?"

"இடிச்சிட்டாங்க. கடல்ல மண்ணப் போட்டு ரோட்ட அகலமாக்கினப்பவே போச்சு."

"நம்ம ரூமு?"

"கார் நிறுத்துறாங்க."

"எலெக்ட்ரா ரோடு?"

"வேற பேரு வெச்சிட்டாங்க. ஆனா நம்மாளுங்க இன்னும் எலெக்ட்ரான்னுதான் சொல்றாங்க."

"பேராவது இருக்கே" என்றான். கொஞ்ச நேரம் செடியிலிருந்து கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். "ரீம் தீவு?"

"பாலம் இருக்கு. ஊரே இருக்கு. நானே அங்க ஏ.சி. மாட்டிருக்கேன். மேல் மாடிக்கு லிப்ட்ல போனா காது அடைக்கும். பர்வீன் சொல்ற ஆஸ்பத்திரி இருக்கிற தெருவும் எனக்குத் தெரியும். ஏமாத்து வேல இல்ல சிராஜ்."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எனக்கும் தெரியும் மாப்ள" என்றான். "அவ படமெல்லாம் காட்டினாளே. என் கண்ணு என்ன பொட்டையா? விசா குடுக்கறேன்னு ஏமாத்தினவன எல்லாம் நாம பாத்திருக்கோம், அப்படி இருக்கும்னு முதல்ல நெனச்சது நெசம். அப்பறம் புரிஞ்சு போச்சு. ஒத்துக்கத்தான் முடியல."

"ஏன்?"

"நடுராத்திரி அவ போன் பண்ணி, அத்தா, எங்க நிக்கிறேன்னே தெரியலன்னு சொன்னா நான் என்ன சொல்லுவேன்? யார் யார் பெத்த புள்ளைகளையோ அந்த ஊர்ல வழி சொல்லி ரூமுக்குக் கொண்டாந்து சேத்தேன். எம்புள்ளைக்கு, எதிர்ல என்ன தெரியுதுன்னு கேட்டு, அவ சொல்ற எதுவும் எனக்குத் தெரியாம நான் இங்க போனப் புடிச்சிட்டு நிக்கணுமா?"

அவன் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே பனிமூட்டம் ஏறி வந்து தேயிலையை வரிசை வரிசையாக மறைத்துக்கொண்டிருந்தது. மாரியப்பன் தண்ணீரோடு வந்து, "ஏன் பாய் ரெண்டு பேரும் நனையறீங்க?" என்று கேட்ட பிறகுதான் தூறல் விழுவதே தெரிந்தது.

திரும்பும்போது கியா பார்மில் அதே நெரிசல். சிராஜ் சோளம் வாங்கித் தந்தான். அன்று ராத்திரி மேசையில் கரண்டிகள் வெறும் கரண்டிகளாகக் கிடந்தன. பர்வீன் என்னை ஜாடையில் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்று தலையசைத்தேன். அதற்கு அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கிளம்புகிற நாள். கடையில் நல்ல கூட்டம். சிராஜ் டீ ஆற்றிக்கொண்டிருந்தான், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் டீ நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. தபால் ஆபீஸ்காரர் தன் இடத்தில் இருந்தார். பர்வீன் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதில் போட்டியா?" என்றான் சிராஜ், டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னும் இல்ல அத்தா."

"போடு. வர்றேன்னு போடு."

அவள் துணியை அப்படியே பிடித்தபடி நின்றாள். முகத்தைத் துடைக்க அந்த மேசைத் துணியையே தூக்கப்போனாள், ஜமீலா பிடுங்கிக்கொண்டு தன் முந்தானையைக் கொடுத்தார். கொஞ்சம் தேறியதும் பர்வீன் சொன்னாள்: "முதல் வாரம் நீங்களும் கூட வாங்க அத்தா. கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

சிராஜ் குவளையைக் கீழே வைத்தான். கடையில் எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னான்.

"நான் எதுக்கும்மா? எனக்கு அந்த ஊரு தெரியாது."

தபால் ஆபீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கடை நிசப்தமானது அவருக்குத் தெரிந்து, யாராவது செத்துப்போனார்களா என்று ஜமீலாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும்தான் தெரியாது" என்றாள் பர்வீன். "அதுக்குத்தான் வாங்கங்கறேன்."

அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"மாப்ள, நீயும் வா" என்றான். "தொலையறதா இருந்தா மூணு பேரும் சேந்தே தொலைவோம்."